பத்திரத்தில் இல்லாத பெயர்கள்

பழைய தில்லியில் பல்லிமாரான் என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள காசிம் ஜான் சந்தில் ஒரு பழைய வீடு இருக்கிறது. உருதுக் கவிஞர் மிர்சா காலிப் தம் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளைக் கழித்த வீடு அது. 1797-ஆம் ஆண்டு ஆக்ராவில் பிறந்த அவர், இளமையிலேயே தில்லிக்குக் குடிபெயர்ந்தார். 1869-ஆம் ஆண்டு அந்நகரிலேயே மறைந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தில்லியில் வாழ்ந்தும், அவர் தமக்கென ஒரு வீட்டை விலைக்கு வாங்கியதில்லை. வாடகை வீடுகளிலும் பிறர் அளித்த வீடுகளிலுமே அவர் வாழ்வு கழிந்தது. அவர் மறைவிற்குப் பின் அவ்வீடு கைமாறியது. கடைகளும் தொழிற்கூடங்களும் அதனுள் இயங்கின. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் அரசு அதன் ஒரு பகுதியை மீட்டுச் சீரமைத்து, நினைவகமாக மாற்றியது.

இன்று அவ்வீடு காலிப்பின் பெயராலேயே அறியப்படுகிறது. ஆனால், அதன் உரிமையாளர் யார் யார் என்று மட்டும் ஆராய்ந்தால், அந்த வரிசையில் காலிப் இடம்பெறமாட்டார். அவர் வாழ்ந்த வாழ்க்கையை நமக்குக் காட்டுபவை அவர் எழுதிய கடிதங்களே. மழைக்காலத்தில் கூரை ஒழுகியது போன்ற அன்றாடத் துன்பங்களையும் அவர் அவற்றில் எழுதியுள்ளார். ஒரு வீட்டை உடையவர் வேறு, அதில் வாழ்ந்தவர் வேறு. வீட்டின் வரலாற்றைத் தேடுவோர் முதலில் உணரவேண்டிய உண்மை இதுவேயாகும்.

புகழ்பெற்றவர் வாழ்ந்த வீட்டிற்கு மட்டுமன்றி, எந்த வீட்டிற்கும் வரலாறு உண்டு. தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலுள்ள பாட்டனார் வீட்டின் வரலாற்றைப் பேரப்பிள்ளை ஒருத்தி அறிய விரும்புகிறாள் எனக் கொள்வோம். அவள் முதலில் நாடவேண்டியது வீட்டின் கிரயப் பத்திரம். அதற்கு முந்தைய உரிமையைக் காட்டும் ஆவணத்தைத் தாய்ப்பத்திரம் என்பர். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற்றால், குறிப்பிட்ட காலத்தில் அச்சொத்தின்மேல் பதிவான விற்பனை, அடைமானம் முதலியன தெரியவரும். பழைய பத்திரம் அண்டை வீட்டாரையும் அடையாளம் காட்டும். இன்னார் வீட்டிற்குக் கிழக்கு, இன்னார் மனைக்குத் தெற்கு என நான்கெல்லைகளை அது கூறுவதால், ஒரு வீட்டின் பத்திரத்தில் அத்தெருவார் சிலரின் பெயர்களும் கிடைக்கின்றன.

பத்திரத்திற்கு அடுத்த சான்று கட்டடமே. கூரையில் முத்திரை பதித்த மங்களூர் ஓடுகள் இருக்கலாம். 1865-ஆம் ஆண்டு பாசல் மிஷன் என்னும் சமய அமைப்பினர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கினர். ஆகவே, அத்தொழிற்சாலையின் முத்திரை பொறித்த ஓடு அவ்வாண்டிற்கு முற்பட்டதாக இருக்க இயலாது. ஆயினும், ஓட்டை மட்டும் கொண்டு வீட்டின் வயதை உறுதிசெய்தல் பொருந்தாது. பழைய சுவர்களின்மேல் பிற்காலத்தில் புதிய கூரை வேயப்பட்டிருக்கலாம். அவ்வாறே, நடுவில் குழிந்த வாசற்படி, பலர் அதனை மிதித்துக் கடந்ததைக் காட்டும். கடந்தவர் பெயரைக் கூறாது. புகையேறிய விளக்குமாடம், அங்கு விளக்கேற்றப்பட்டதைக் காட்டும். ஏற்றிய கை எவருடையது என்று கூறாது.

வாடகைக்குக் குடியிருந்தோரைக் கண்டறிதல் இன்னும் கடினம். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவுசெய்யவேண்டும் என்கிறது. அதனால்தான் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் பதினொரு மாதங்களுக்கு மட்டும் எழுதப்படுகின்றன. அவை பதிவேட்டில் ஏறுவதில்லை. பத்தாண்டுகள் ஒரு வீட்டில் வாழ்ந்த குடும்பம்கூட அதன் ஆவணங்களில் சுவடின்றிப் போவது இவ்வாறே.

இங்குப் பழைய வாக்காளர் பட்டியல் உதவும். அது உரிமையாளர், குடியிருப்போர் என்று வேறுபாடு பாராமல், வீட்டு எண்ணின்கீழ் பெயர்களைக் கூறும். ஆனால், அதிலும் இடைவெளிகள் உள்ளன. 1951-52-ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த முதல் பொதுத்தேர்தலுக்காகப் பட்டியல் எழுதப்பட்டபோது, பெண்கள் பலர் தம் பெயரைக் கூறவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவுசெய்யப்பட்டனர். சொந்தப் பெயரற்ற பதிவைத் தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அவர்களுள் பெரும்பாலோர் வட மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். வீட்டை நாள்தோறும் பெருக்கி, அடுப்பேற்றி, பிள்ளைகளை வளர்த்தவர்களின் பெயர்களே பட்டியலில் இல்லாமற்போயின. வாக்களிக்கும் வயதை எட்டாத பிள்ளைகளின் பெயர்களோ அப்பட்டியலில் இடம்பெறுவதே இல்லை.

ஏடுகள் விட்ட இடத்தை நிரப்புவது மனிதர் நினைவு. காசியில் அனுமன் படித்துறைக்கருகே உள்ள ஒரு வீடு இதற்குச் சான்று. தந்தையை இழந்த பாரதியார், 1898-ஆம் ஆண்டு தம் அத்தையின் அவ்வீட்டிற்குச் சென்றார். 1902-ஆம் ஆண்டில் எட்டயபுரம் திரும்பும்வரை அங்குத் தங்கி, வடமொழியும் இந்தியும் பயின்றார். அங்கு அவர் உரிமையாளரும் அல்லர்; வாடகைக்கு இருந்தவரும் அல்லர்; அத்தை வீட்டில் வளர்ந்த பிள்ளை. உறவினர் வழிவழியாக அவ்வீட்டில் வாழ்ந்து அந்நினைவைக் காத்தனர். 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு அரசு அங்குப் பாரதியாரின் மார்பளவுச் சிலையை நிறுவியது.

ஆகவே, பேரப்பிள்ளை காலந்தாழ்த்தாது செய்யவேண்டிய பணி ஒன்று உண்டு. பத்திரம் பெட்டியில் காத்திருக்கும். பாட்டியின் நினைவு காத்திராது. எந்த அறையில் யார் பிறந்தார், கிணற்றடி எங்கிருந்தது, திண்ணையில் குடியிருந்த தையற்காரர் எவ்வூரார் என்பனவற்றை அவரிடம் கேட்டு எழுதவேண்டும். சொன்னவர் பெயரையும் சொன்ன நாளையும் குறித்தல் நலம். நினைவும் சில நேரங்களில் ஆண்டை மாற்றிச் சொல்லும். அப்போது பத்திரத்துடன் ஒப்பிட்டு நோக்கலாம். வீடு விற்கப்பட்டாலும் இடிக்கப்பட்டாலும் அந்த ஏடு எஞ்சும்.

பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் வாழ்வது அரசுக் குடியிருப்புகளிலும் வாடகை வீடுகளிலுமே. மூன்றாண்டுகளோ ஐந்தாண்டுகளோ கழிந்ததும் மாற்றல் ஆணை வரும். கதவுநிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கோடுகள், அடுத்த குடும்பம் வருமுன் வெள்ளைச் சுண்ணாம்பில் மறையும். அக்கோடுகளுக்கடியில், அதற்கும் முன்பு அங்கு வளர்ந்த வேறொரு பிள்ளையின் கோடுகளும் மறைந்திருக்கக்கூடும்.

அவ்வீடுகளின் பத்திரங்கள் இப்பிள்ளைகளை அறியா. அதனால் அவர்கள் அங்கு வாழவில்லை என்று ஆகிவிடாது. வீட்டு எண், குடியேறிய ஆண்டு, நீங்கிய ஆண்டு, அண்டை வீட்டார் பெயர், வாசலில் நின்ற மரம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி வைத்தால், அதுவே அவ்வீட்டின் வரலாற்றில் ஓர் ஏடாகும். அதனைத் தமிழில் எழுதினால், எங்கோ ஓர் ஊரில் இருக்கும் பாட்டியும் படித்து மகிழ்வார்.