ஓருடல், இரு நோய்

1981ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்க மருத்துவ உலகம் ஒரு செய்தி கேட்டுத் திகைத்தது. வியன்னா நகரத் தோல் மருத்துவர் மோரிட்ஸ் கப்போசி 1872இல் விளக்கியிருந்த அரியதொரு புற்றுநோய், நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் 26 ஆடவரைப் பற்றியிருந்தது. அந்நாட்டில் அதுகாறும் பெரும்பாலும் முதியோரிடமே காணப்பட்ட நோய் அது. எச்.ஐ.வி. என்னும் கிருமியை உலகம் அறியுமுன்பே, அதன் நிழலாகப் புற்றுநோய் வந்து நின்றது.

இக்கிருமி தானே புற்றாக மாறுகிறது என்று எண்ணுவோர் உளர். அஃது அவ்வாறன்று. குருதியிலுள்ள சி.டி.4 வெள்ளணுக்களை அது அழிக்கிறது. காவலர் வீழ்ந்த ஊரில், முன்னரே பதுங்கியிருந்த கள்வர் துணிந்து வெளிப்படுவரன்றோ? அதுபோலவே, உடலில் அடங்கிக் கிடந்த வேறு கிருமிகள் தலைதூக்குகின்றன. எப்ஸ்டைன்-பார் கிருமி நிணநீர்ப் புற்றுக்கும், எச்.பி.வி. கருப்பைவாய்ப் புற்றுக்கும் வழிகோலுகின்றன. கப்போசிப் புற்றுக்குரிய கிருமியை யுவான் சாங், பாட்ரிக் மூர் இணையர் 1994இல் கண்டறிந்தனர்.

1996 முதல் கூட்டு மருந்துகள் பரவவே, கப்போசிப் புற்று வெகுவாகக் குறைந்தது. மருந்தைத் தள்ளிப்போடாது உடனே தொடங்குவோர்க்குப் புற்றுநோய் குறைவதை 2015இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றும் மெய்ப்பித்தது. ஆயினும், நெடிது வாழத் தொடங்கியவரை நுரையீரல், கல்லீரல், மலவாய்ப் புற்றுகள் தொடர்கின்றன. புகைப்பழக்கம் உடையோர்க்கு இடர் இன்னும் மிகுதி.

பெண்டிர் நிலை தனியே நோக்கத்தக்கது. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பைவாய்ப் புற்று வரும் வாய்ப்பு ஏனையோரைவிட ஆறு மடங்கு என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இப்புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் மலேசியாவில் 13 வயது மாணவியர்க்கென 2010இல் தொடங்கியது. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடத் தயங்கும் பெற்றோர்க்கு விளக்கம் தரவேண்டியவர் வகுப்பாசிரியரே; அதை மருத்துவத்தாதியின் வேலை என்று ஒதுக்குவது முறையன்று.

பிழைத்தல் பற்றிய செய்தி மனத்தை உறுத்துகிறது. புற்றுநோயுற்ற எச்.ஐ.வி. நோயாளருள் சிகிச்சையே பெறாதோர் விழுக்காடு மற்றவரைவிட மிகுதி என அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. உடல் தாங்காது என்னும் ஐயமும் ஒரு காரணம். கிருமி மருந்தால் கட்டுப்பட்டிருப்பின் ஏனையோர்க்குரிய சிகிச்சையையே அளிக்கலாம் என்பது இன்றைய மருத்துவ நெறி. நோயாளியின் பழைய ஏட்டைப் பார்த்துக் கை தளர்வது மருத்துவமாகாது.

திமதி ரே பிரவுன் என்னும் அமெரிக்கர் கதை இங்கு நினைக்கத்தக்கது. எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த அவருக்கு 2006இல் இரத்தப் புற்றும் வந்தது. 2007இல் பெர்லின் மருத்துவர்கள், எச்.ஐ.வி.க்கு இடங்கொடாத அரிய மரபணு உடைய ஒருவரின் குருதிக் குருத்தணுக்களை அவர்க்குச் செலுத்தினர். புற்றுக்கெனச் செய்த சிகிச்சை எச்.ஐ.வி.யையே அகற்றியது. 2020 செப்டம்பரில் அவர் மறைந்தார். மீண்டும் வந்து அவரைக் கொண்டது இரத்தப் புற்று. எச்.ஐ.வி. இறுதிவரை திரும்பவேயில்லை.