மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு

ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலை என்றால், ஒரு வாரம் பகல் ஷிப்ட், அடுத்த வாரம் ராத்திரி ஷிப்ட். விடியற்காலையில் வந்து சாப்பிட்டுப் படுக்கிறவருக்கு 'வெறும் வயிறு' எந்த நேரம் என்று யார் சொல்வது? இப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட் மிகவும் அவசியம்.

என் கணவருக்கு ஒரு பழக்கம். ரத்தம் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போதே இனிப்பைத் தொடமாட்டார். ராத்திரி வெறும் மோர்தான். ரிசல்ட் 118 என்று வரும். "பாத்தியா, எனக்கு ஒண்ணுமில்லே!" என்று அன்றைக்கே மாம்பழம் நறுக்கச் சொல்வார். கிருஷ்ணகிரியில் மாம்பழத்துக்குப் பஞ்சமா!

ஒரு முறை டாக்டரம்மா ஹெச்.பி.ஏ.1.சி. டெஸ்டும் எழுதிக் கொடுத்தார். 8.9 என்று வந்தது. அதாவது, மூன்று மாதச் சராசரி 200-க்கு மேல்! வீடே அமைதியாகிவிட்டது. கண், சிறுநீரகம், கால் நரம்பு எல்லாம் கெடுவது மாதக்கணக்கில் ஏறி நிற்கும் சர்க்கரையால்தானே?

விஷயம் இதுதான். ரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதுவரை ஒட்டியது போகாது. அடுப்படிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்குப் படிகிற மாதிரி! இரண்டு நாள் வடை சுடாவிட்டால் பிசுக்கு போய்விடுமா? சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் இந்த மாற்றத்தை 1968-ல் கவனித்துச் சொன்னவர் ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பர்.

5.7-க்குக் கீழே இருந்தால் நல்லது. 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். நோய் உள்ளவர்களில் பலருக்கு 7-க்குள் வைக்கச் சொல்வார்கள். வயதானவர்களுக்கு டாக்டர் கொஞ்சம் தளர்த்துவதுண்டு. பட்டினி கிடக்க வேண்டாம், எந்த நேரமும் ரத்தம் கொடுக்கலாம்.

நம் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரும்புச் சத்துக் குறைந்து சோகை இருந்தால் இந்த அளவு கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் அளவு மாறும். உதிரப்போக்கு அதிகம் உள்ளவர்கள் வெட்கப்படாமல் டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

2021 ஆகஸ்ட் 5-ந் தேதி 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆனால் விரல் நுனியில் குத்திப் பார்ப்பது அந்த நிமிடத்துச் சர்க்கரையைத்தான் காட்டும். அதுவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

"ராகி முத்தே தின்னா சுகர் ஏறாது" என்பார் பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா. ராகியிலும் மாவுச்சத்து உண்டே! எங்கள் வீட்டில் களி உருண்டையைப் பாதியாக்கி, கீரையும் அவரைக்காயும் கூட்டினேன். அவரும் மாத்திரையைத் தவறவிடாமல், தினம் நடக்க ஆரம்பித்தார். மூன்று மாதம் கழித்து 7.6.

கட்டுக்குள் வரும்வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வந்தபின் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். காஸ் சிலிண்டர் வந்த தேதியைக் காலண்டரில் குறிக்கிறோமே, பக்கத்திலேயே இந்த எண்ணையும் குறித்து வையுங்கள்.