பெயர்ப் பலகையும் தராசும்

 

மும்பைக்குச் சென்று திரும்புவோர் இந்தியா வாயிலைப் பற்றியும், கடல் நடுவே அமைந்த ஹாஜி அலீ தர்காவைப் பற்றியும் நம்மிடம் விரித்துரைப்பார்கள். சென்ற ஆண்டு உறவினர் இல்ல நிக்காஹ் ஒன்றிற்காக நானும் அந்நகருக்குச் சென்றேன். திருமணம் முடிந்த மறுநாள் ஒரு பகல் முழுதும் ஓய்வாகக் கிடைத்தது. அந்தப் பகலில் நான் கண்டவை ஓர் உயர்ந்த கட்டடமும், ஒரு பழைய விமானத் தளமும், ஒன்றையொன்று குறுக்கிடும் இரண்டு ஓடுபாதைகளுமே. இவற்றில் நமக்கென்ன படிப்பினை இருக்கிறது என்று கேட்கிறீர்களா? சற்றுப் பொறுமையுடன் என்னோடு வாருங்கள்.

எனக்கு வழிகாட்டியாக வந்தவர் எங்கள் ஊரைச் சேர்ந்த பெரியவர். நாற்பது ஆண்டுகளாக மும்பையில் வாழ்பவர். விமானச் சரக்கு அனுப்பும் முகவர் ஒருவரிடம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எந்த விமான நிறுவனத்தின் ஊழியராகவும் இருந்ததில்லையாதலால் எல்லா நிறுவனங்களையும் வெளியே நின்று பார்த்தவர். அவரைக் காக்கா என்றே ஊரார் அனைவரும் அழைப்போம்.

கடலோரக் கட்டடம்

மெரின் டிரைவ் கடற்கரைச் சாலை பிறை போல் வளைந்து சென்று முடியும் இடம் நரிமன் முனை. அங்கே கடலை நோக்கி 23 மாடிகளுடன் நிமிர்ந்து நிற்கிறது ஏர் இந்தியா கட்டடம். 1974-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. பல்லாண்டுக் காலம் இந்தியாவின் வெளிநாட்டு விமானப் போக்குவரத்து இங்கிருந்துதான் ஆளப்பட்டது.

“பெயர் இன்னும் அதே பெயர்தான் தம்பி. ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் போய்விட்டார்கள்” என்றார் காக்கா.

உண்மைதான். தலைமையகம் 2013-இல் டில்லிக்கு மாற்றப்பட்டது. 2024-இல் இக்கட்டடத்தை மகாராஷ்டிர அரசு 1,601 கோடி ரூபாய்க்கு வாங்குவதற்கு மத்திய அரசின் ஒப்புதலும் கிடைத்தது. இந்த இடமாற்றத்திற்குப் பின்னே இரு பெரும் நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்ட ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. நம் பிள்ளைகளை வளைகுடா நாடுகளுக்கும், நம் பெரியோரை ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் சுமந்து சென்ற விமானங்களின் வரலாறு அது என்பதால் நாமும் அதை அறிந்துகொள்வது நல்லது.

ஜூஹூவில் தொடங்கிய கதை

அங்கிருந்து வடக்கே ஜூஹூ விமானத் தளத்திற்குச் சென்றோம். ஆரவாரமற்ற சிறிய தளம். 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், கராச்சியிலிருந்து அஹமதாபாத் வழியாக ஜே. ஆர். டி. டாட்டா தம் கையாலேயே ஒரு சிறு விமானத்தை ஓட்டி வந்து இறங்கிய இடம் இது. அவர் கொணர்ந்தது கடிதப் பைகளை. அவற்றை நெவில் வின்சென்ட் என்பவர் இங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்துச் சென்றார். ஆக, அத்தொடக்கத்திலேயே நம் தமிழகத்திற்கும் பங்கு உண்டு.

அந்த டாட்டா ஏர்லைன்ஸ் 1946-இல் ஏர் இந்தியா ஆயிற்று. 1953-இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமையாக்கப்பட்டபோது, உள்நாட்டுச் சேவைக்கென எட்டு நிறுவனங்களை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் அமைக்கப்பட்டது. வெளிநாட்டுச் சேவை ஏர் இந்தியாவிடம் இருந்தது. அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இவ்விரண்டும் ஒரே அரசின் உடைமையாக, இரண்டு வெவ்வேறு குடும்பங்களாக வளர்ந்தன.

ஒரே களம், இரண்டு வாயில்கள்

அவை எவ்வளவு தனித்தனியாக வளர்ந்தன என்பதை மும்பை விமான நிலையத்தின் அமைப்பே உணர்த்துகிறது. ஒருபுறம் சாந்தாகுரூஸ் முனையம். உள்நாட்டுப் பயணத்திற்குரியதாக நெடுங்காலம் இருந்தது. மறுபுறம் சஹார் முனையம். வெளிநாட்டுப் பயணிகளுக்காக 1980-களில் வந்தது. இரண்டிற்கும் ஓடுபாதைகள் பொதுவானவை. ஆயினும் ஒரு முனையத்தின் வாயிலிலிருந்து மற்றதன் வாயிலுக்குச் செல்ல ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். விமானங்களுக்கு ஒரே களம். மனிதர்களுக்கு வெவ்வேறு வாயில்கள்!

ஓடுபாதைகளைப் பற்றிக் காக்கா சொன்னது என் மனத்தில் பதிந்துவிட்டது. அங்கே இரண்டு ஓடுபாதைகள் உண்டு. ஆனால் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்கின்றன. எனவே இரண்டையும் ஒரே வேளையில் தனித்தனியே இயக்க இயலாது. ஒன்றில் விமானம் செல்லும்போது மற்றது காத்திருக்க வேண்டும். “இரண்டு இருப்பதால் இரட்டிப்பு வேலை நடக்கும் என்று கணக்குப் போட முடியாது தம்பி” என்றார்.

2007-இல் போடப்பட்டதும் ஏறத்தாழ அப்படிப்பட்ட கணக்குத்தான். அவ்வாண்டு ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சட்டப்படி இணைக்கப்பட்டன. இரண்டு சேர்ந்தால் வலிமை பெருகும், செலவு குறையும் என்பது எதிர்பார்ப்பு. காகிதத்தில் இணைப்பு முடிந்தது. ஆனால் இந்தியன் ஏர்லைன்ஸின் ‘ஐசி’ என்னும் விமானக் குறியீடு மறைந்து, எல்லா விமானங்களும் ‘ஏஐ’ என்ற ஒரே குறியீட்டின் கீழ் வந்தது 2011-இல்தான். பயணச்சீட்டில் இரண்டு எழுத்துகளை மாற்றவே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள்!

ஏன் இந்தத் தாமதம் என்று எண்ணிப் பாருங்கள். ஏர் இந்தியாவில் பெரும்பாலும் போயிங் விமானங்கள். இந்தியன் ஏர்லைன்ஸில் ஏர்பஸ் விமானங்கள். போயிங்கில் விமானியின் முன்னே பெரிய கைப்பிடித் தண்டு இருக்கும். ஏர்பஸ் ஏ-320 வகையில் பக்கவாட்டில் ஒரு சிறு கோல் இருக்கும். ஒன்றில் தேர்ந்தவர் மற்றொன்றை ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சியும் தனி உரிமமும் வேண்டும். பழுது பார்ப்போருக்கும் அவ்வாறே. இயந்திரங்களின் கதை இது. மனிதர்களின் கதையோ இதனினும் கடினம். இரு நிறுவனங்களிலும் ஊதிய முறை வேறு, பதவி உயர்வின் வேகம் வேறு, பணிமூப்புப் பட்டியல் வேறு. அருகருகே அமர்ந்து ஒரே வகைப் பணி செய்யும் இருவருக்கு இருவேறு அளவுகோல்கள்.

தராசு தாமதமானபோது

விளைவு என்னவாயிற்று? 2011 ஏப்ரல் இறுதியில், முன்னாள் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் தங்களுக்கும் ஏர் இந்தியா விமானிகளுக்கும் சமமான ஊதிய முறை வேண்டுமெனப் பத்து நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பறக்கும் மணிக்கணக்கையே பெரிதும் நம்பியிருந்த அவர்களது ஊதியத்தை நிலையான ஊதியமாக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை.

அடுத்த ஆண்டு மே மாதம் மறுதரப்பு எழுந்தது. புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானத்தில் பயிற்சி பெறும் உரிமை யாருக்கு என்பது வழக்கு. அந்த விமானங்களை இணைப்புக்கு முன்பே வாங்கப் பணித்தது ஏர் இந்தியா. ஆகவே பயிற்சியும் எங்களுக்கே என்றனர் பழைய ஏர் இந்தியா விமானிகள். இப்போது எல்லாம் ஒரே நிறுவனம்தானே என்றனர் மற்றவர். 58 நாட்கள் நீடித்தது அந்த வேலைநிறுத்தம். நூற்றுக்கும் மேற்பட்ட விமானிகள் பணிநீக்கத்திற்கு ஆளாயினர். முடிவில் டில்லி உயர் நீதிமன்றத்தின் முன்னிலையில்தான் அது தீர்ந்தது. இடையில் தவித்தோர் பயணிகளே.

இரு தரப்பாரின் ஊதியத்தையும் பணிமூப்பையும் ஒரே அளவிற்குக் கொணர நீதியரசர் தர்மாதிகாரி தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. எப்போது? 2011 மே மாதத்தில்! பெயர்ப் பலகையை மாட்டியது 2007. தராசைத் தேடியது 2011. இந்த நான்கு ஆண்டு இடைவெளியில்தான் கசப்பு வேரூன்றியது என்பது என் எண்ணம்.

பின்னாளைய அலுவலக ஏடுகளிலும் வழக்கு ஏடுகளிலும் “முன்னாள் ஏர் இந்தியா”, “முன்னாள் இந்தியன் ஏர்லைன்ஸ்” என்றே ஊழியர்கள் வகை பிரித்துக் குறிப்பிடப்பட்டு வந்தனர். இன்னொரு விந்தையையும் கேளுங்கள். இணைப்பில் நிலைத்தது ஏர் இந்தியாவின் பெயர். ஆனால் 2013-இல் தலைமையகம் சென்று சேர்ந்தது, டில்லியில் இந்தியன் ஏர்லைன்ஸ் இருந்த பழைய அலுவலகத்திற்கு! ஒருவர் பெயரைக் கொடுத்தார். மற்றவர் வீட்டைக் கொடுத்தார்.

2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்திடம் சென்றது. 2024 அக்டோபரில், முன்பு ஏர் ஏஷியா இந்தியா என்றிருந்த நிறுவனம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுடன் இணைந்தது. நவம்பர் 12-ஆம் நாள் விஸ்தாரா ஏர் இந்தியாவில் கலந்தது. இம்முறை ஊதிய ஒப்பந்தங்களைச் சமப்படுத்தும் வேலை இணைப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது. அப்போதும் வலி இல்லாமற் போகவில்லை. 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமானிகளின் மனக்குறையால் விமானங்கள் குறைக்கப்பட்டன. மே மாதத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர் பலர் ஒரே நேரத்தில் நோய் விடுப்பில் சென்றனர். விஸ்தாராவின் பழைய விமானங்களுக்கு ஏஐ என்ற குறியீட்டுடன் 2 என்ற எண்ணில் தொடங்கும் வரிசை தரப்பட்டது. புதிய வீட்டிலும் பழைய வீட்டாரை அடையாளம் காட்டும் எண் அது!

மதீனாவில் நடந்த இணைப்பு

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டே சஹார் பகுதிப் பள்ளி ஒன்றில் அஸர் தொழுதோம். தொழுகைக்குப் பின் என் உள்ளம் மதீனாவை நாடியது.

மக்காவிலிருந்து உடைமை இழந்து வந்த முஹாஜிர்களையும், மதீனாவின் மைந்தர்களான அன்ஸாரிகளையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எவ்வாறு இணைத்தார்கள்? கூட்டத்தோடு கூட்டத்தைச் சேர்த்து ஒரு பெயர் சூட்டுவதோடு நிற்கவில்லை. இன்னாருக்கு இன்னார் சகோதரர் என ஆளோடு ஆளைச் சேர்த்தார்கள். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தர முன்வந்தார்கள். அவர்களோ அன்னாருக்காகத் துஆச் செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். கொடுக்க முன்வந்தவரிடம் தாராளம். பெற வேண்டியவரிடம் தன்மானம். தராசின் இரு தட்டுகளும் முதல் நாளே சமமாயின.

அங்கும் காலம் தேவைப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு போர்ப் பயணத்தில் முஹாஜிர் ஒருவருக்கும் அன்ஸாரி ஒருவருக்கும் கைகலப்பு மூண்டது. ஒருவர் அன்ஸாரிகளையும், மற்றவர் முஹாஜிர்களையும் துணைக்கு அழைத்துக் கூவினர். செவியுற்ற நபி (ஸல்) அவர்கள் அதை அறியாமைக் காலத்து அழைப்பு என்று கண்டித்து, விட்டொழிக்கச் சொன்னார்கள். முஹாஜிர், அன்ஸார் என்பவை திருக்குர்ஆன் போற்றிய பெயர்கள். அப்பெயர்களில் குற்றமில்லை. சக மனிதனுக்கு எதிராக அணி திரட்டப் பயன்படுத்தியதே குற்றமாயிற்று.

என் பங்கு

வாசகர்களே! ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் மஹல்லாவில் இரண்டு மக்தபுகள் சில ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக்கப்பட்டன. புதுப் பலகை எழுதினோம். பிரியாணி ஆக்கி விருந்தளித்தோம். ஆனால் மறு மக்தபிலிருந்து வந்த உஸ்தாதுகளுக்கு, அதே நேரம் பாடம் நடத்தியும், எங்களைவிடக் குறைந்த சம்பளமே தொடர்ந்தது. அதை நான் அறிவேன். தட்டு என் பக்கம் தாழ்ந்திருந்ததால் வாய் திறவாதிருந்தேன். அவர்கள் எங்களோடு அமர்ந்து தேநீர் அருந்துவதில்லையே என்று குறைபட்டுக்கொண்டதும் நான்தான்!

மும்பைக் கடற்கரையில் மஃரிப் நேரத்து இருள் கவிகையில் இதைக் காக்காவிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “பலகை எழுதினவனுக்குக் கூலி கொடுத்தாச்சு. பாடம் எடுத்தவருக்கு இன்னும் பாக்கி இருக்குதே தம்பி” என்றார்.

ஊர் திரும்பியபின் நடந்த நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். விவாதம் எளிதாக முடியவில்லை. பணம் எங்கே என்ற கேள்வி வந்தது. எங்களில் மூவர் அவ்வாண்டின் உயர்வை விட்டுக்கொடுக்க இசைந்தபின், ஷவ்வாலில் தொடங்கும் புதிய கல்வியாண்டு முதல் ஒரே சம்பளம் என முடிவாயிற்று. அல்ஹம்துலில்லாஹ்! பிள்ளைகள் இன்னும் தங்களை மேலப்பள்ளிப் பையன், கீழப்பள்ளிப் பையன் என்றே அழைத்துக்கொள்கிறார்கள். அது மாறக் காலம் ஆகும். ஆகட்டும். தேநீர் நேரத்தில் மட்டும் இப்போது ஒரே பாய்தான் விரிக்கப்படுகிறது.

உங்கள் ஊரிலும் இரு சங்கங்கள், இரு கடைகள், இரு குடும்பங்கள் ஒன்றாகலாம். பலகை எழுதுபவரை அழைக்கும் முன் தராசைச் சரிபாருங்கள். உங்கள் பக்கத் தட்டு தாழ்ந்திருந்தால் முதலில் பேச வேண்டியவர் நீங்களே. வல்ல அல்லாஹ் நம் அனைவரின் அளவைகளையும் நேராக்கி, உள்ளங்களை ஒன்றிணைப்பானாக! ஆமீன்.