கரியன்சோலையில் எண்ணுவது எப்படி?

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஆனைமலையின் டாப்ஸ்லிப்புக்கு ஏறினால் முதலில் எதிர்ப்படுவது தேக்குக் காடு. அடிமரங்களுக்கிடையே வெளிச்சம் விழும். புள்ளிமான் கூட்டம் தொலைவிலேயே தெரிந்துவிடும். அங்கிருந்து கரியன்சோலைக்குள் காலை வைத்தால் பார்வை இருபது மீட்டரைத் தாண்டுவதே அரிது. கருமந்தியின் குரல் முதலில் வரும், உருவம் பிறகுதான். தலைக்கு மேலே காற்றைக் கிழிக்கும் சிறகொலிதான் மலை இருவாச்சி பறப்பதைச் சொல்லும். இரண்டு காட்டிலும் ஒரே ஆள் ஒரே வேகத்தில் நடந்து எண்ணினாலும் சோலையின் கணக்கு குறைவாகவே வரும். சோலையில் விலங்கு குறைவு என்று அதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. கண்ணுக்குத் தப்பியது எவ்வளவு என்று தெரியாத கணக்கால் காட்டுக்குப் பயனில்லை. அந்த அளவைக் கண்டறியும் திறனை வளர்ப்பதுதான் வெப்பமண்டலக் காடுகளில் கணக்கெடுப்பின் முதல் வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கென்றே நேர்கோட்டுப் பாதை முறை இருக்கிறது. முன்கூட்டியே வகுத்த பாதையில் விடியற்காலையில் மெதுவாக நடந்து, விலங்கைக் கண்டதும் அதன் தூரத்தையும் கோணத்தையும் குறிக்க வேண்டும். பாதையிலிருந்து விலக விலகக் கண்ணில் படுவது எப்படிக் குறைகிறது என்பதைக் கொண்டு, காணாமல் விட்டவற்றையும் மதிப்பிடலாம். கணிதம் அழகானது, ஆனால் அது நிற்பது நடப்பவரின் காலிலும் கண்ணிலும். சருகு நொறுங்கும் ஓசை கேட்டுக் கடமான் விலகி ஓடியபின் அளந்தால் தூரம் பிழை. தூரம்காட்டியைப் பார்க்காமல் பத்து, இருபது என்று முழு எண்ணாக எழுதினால் அதுவும் பிழை. காட்டுமாடுகளில் முன்னால் நிற்கும் மூன்றை எழுதிவிட்டு மூங்கிலுக்குப் பின்னால் நிற்கும் ஐந்தை விட்டால், எந்தச் சூத்திரமும் அவற்றை மீட்டுத் தராது. இவை ஒருநாள் வகுப்பில் வருகிற திறமைகள் அல்ல.

மனிதத் திறமையை நம்பித்தானே ஏமாந்தோம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பாதத்தடத்தைக் கண்ணாடியின்மேல் வரைந்து ‘இது இன்ன புலி’ என்று சொல்லும் முறையை 1966-இல் ஒடிசாவின் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி உருவாக்கினார். 1972-இல் நாட்டில் 1,827 புலிகள் என்று சொன்னது அந்த முறைதான். 2004-இல்கூடப் புலிகள் இருப்பதாகக் கணக்குக் காட்டிய ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில், 2005 தொடக்கத்தில் ஒன்றுகூட இல்லை என்பது வெளிவந்தது. தடம் பார்க்கும் அறிவு வீண் என்பதற்கு இது சான்றாகாது. தடத்தைப் பார்த்துப் புலியா சிறுத்தையா செந்நாயா என்று சொல்ல முடியும். ஆனால் மண்ணின் ஈரம் மாறினாலே வடிவம் மாறும் ஒரு தடத்தை வைத்து ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் காணலாம் என்ற கூற்றை யாரும் போதுமான அளவு சோதிக்கவில்லை. அங்கே தோற்றது சோதிக்கப்படாத நம்பிக்கை. ஆகவே எவரையும் களத்துக்கு அனுப்புமுன், விடை ஏற்கெனவே தெரிந்த தடங்களையும் எச்சங்களையும் காட்டித் தேர்வு வைக்க வேண்டும். மூத்த அலுவலருக்கும் அதே தேர்வுதான்.

இனி எல்லாம் கேமரா பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த வாதம். 2018 புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் நின்றன. கிடைத்த ஏறத்தாழ 3.48 கோடிப் படங்களில் புலிகள் 76,651-இல் இருந்தன. பிரமிக்க வைக்கும் உழைப்பு. ஆனாலும் புலி எந்த ஓடைக்கரையில் நடக்கும், எந்த மரத்தில் நகக்கீறல் இருக்கிறது என்று பார்த்துத்தான் கேமராவைக் கட்டுகிறார்கள். கேமரா எட்டாத காடுகளுக்கான மதிப்பீடும் வனக் காவலர்கள் நடந்து சேகரிக்கும் தடயங்களைச் சார்ந்தே நிற்கிறது. வரிகளை வைத்துப் புலியைப் பிரித்தறியலாம். கருமந்தியையும் கடமானையும் அப்படிப் பிரிக்க முடியாது.

தமிழ்நாட்டின் வரையாட்டுக் கணக்கெடுப்பு எனக்கு நம்பிக்கை தருகிறது. ஒரே பகுதியை இரண்டு குழுக்கள் இடைவெளி விட்டு நடந்து, ஒருவர் விட்டதை மற்றவர் கண்டாரா என்று ஒப்பிடுகிறார்கள். 2024-இல் 1,031, 2025-இல் 1,303 என்று வந்தது. இரண்டாம் ஆண்டில் தேடிய இடங்களும் கூடின என்பதால், கூடியவை எல்லாமே புதுக் குட்டிகள் என்று கொள்ளக் கூடாது. எண்ணை அறிவிக்கும்போதே இந்த விளக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு பயிற்சிக்குப் பணம் ஏது, ஆள் ஏது என்பார்கள். ஆட்கள் காட்டிலேயே இருக்கிறார்கள். கேரளத்தின் வாழச்சாலில் இருவாச்சிக் கூடுகளைக் கண்டுபிடித்துக் காத்துவருவது காடர் பழங்குடியினர். பொந்தை மண்ணாலும் எச்சத்தாலும் அடைத்துக்கொண்டு பெட்டை உள்ளே இருக்கும். இரை சுமந்துவரும் ஆணைப் பின்தொடரத் தெரிந்தவருக்கே அந்த மரம் புலப்படும். ஆனைமலையில் காடர், மலசர், முதுவர் குடும்பங்களிலிருந்து வேட்டைத் தடுப்புக் காவலர்களாகச் சேர்ந்து, தற்காலிக ஊதியத்தில் இதே காட்டை நாள்தோறும் நடப்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே காட்டைப் படிக்கத் தெரிந்த இவர்களுக்கு, திசைகாட்டியும் படிவமும் கற்றுக்கொடுக்க ஆகும் செலவு சிறியது. அவர்களின் வேலையை நிரந்தரமாக்கி, கணக்கெடுப்பு அறிக்கையில் அவர்கள் பெயரையும் அச்சிட வேண்டும். மூன்று நாள் தன்னார்வலர்களும் வரட்டும். ஆனால் படிவத்தில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று முடிவுசெய்யும் பொறுப்பு, தேர்வில் தேறிய அந்தக் காவலரிடம் இருக்கட்டும்.