மணி காட்டும் முகங்கள்

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் கீழ்வேளூர். கேடிலியப்பர் கோயிலும், அதனைச் சூழ்ந்த தெருக்களும், அவற்றுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை நெல்வயல்களுமாக விளங்கும் ஊர் அது. 1861-ஆம் ஆண்டில் அப்பாதையிற் புகைவண்டி ஓடத் தொடங்கிற்று. அதற்குமுன் அப்பகுதி மக்களுக்கு நாழிகைக் கணக்கே போதுமானதாக இருந்தது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். நாற்று நடுபவளுக்கும் நீர் பாய்ச்சுபவனுக்கும் நிமிடம் எதற்கு? புகைவண்டியோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. நிமிடத்தை ஊருக்குள் கொணர்ந்தது அதுவே எனலாம்.

இவ்வூரில் ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் வாழ்கின்றார். அவரிடம் பலாமரப் பெட்டி ஒன்று உண்டு. ஒரு காலத்தில் நிலப் பத்திரங்கள் இருந்த அப்பெட்டியில் இன்று 43 பழைய கைக்கடிகாரங்கள் இருக்கின்றன. அவற்றுள் பொன்னால் ஆனது ஒன்றேனும் இல்லை. விலைமிக்க கடிகாரங்களை அவர் நாடியவரும் அல்லர். முகப்பில் ஏதேனும் ஒரு புதுமை இருத்தல் வேண்டும். அதுவே அவருடைய விருப்பம்.

இவ்விருப்பம் அவர் தந்தையாரிடமிருந்து தொடங்கியது. தந்தையார் நெல் அரைவை ஆலை ஒன்றிற் கணக்கெழுதியவர், எச்.எம்.டி. 'ஜனதா' கடிகாரத்தை நெடுநாள் கட்டியிருந்தார். எச்.எம்.டி. நிறுவனம் 1961-ஆம் ஆண்டில், ஜப்பானிய நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரிற் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் 'ஜனதா' எளியோர்க்கும் எட்டும் விலையில் வந்தது. நாள்தோறும் அதற்குச் சாவி கொடுக்க வேண்டும். உள்ளே சக்கரங்களின் அச்சுகள் தேயாதவாறு 17 சிறு கற்கள் பதிக்கப்பட்டிருக்கும்.

தந்தையார் மறைந்தபின் அக்கடிகாரம் நின்றுபோயிற்று. ஆசிரியர் அதனைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்றார். கடற்காற்றின் உப்பால் முகப்பில் பழுப்பேறி, நான்கு என்னும் எண்ணுக்கு அருகே ஒரு கறை படர்ந்திருந்தது.

"டயலைப் புதிதாக வண்ணம் தீட்டித் தரட்டுமா, ஐயா? கடையில் வாங்கியதுபோல் ஆகிவிடும்" என்றார் பழுதுபார்ப்பவர்.

"அவர் பார்த்த முகம் இதுதான். ஓடினால் மட்டும் போதும்" என்றார் ஆசிரியர்.

அன்றுமுதல் அவர் கண் பிறருடைய கடிகார முகப்புகளின் மீது செல்லத் தொடங்கிற்று. எத்தனை வகை! உரோம எண் பொறித்த முகப்புகளில் நான்கினை முறையான வடிவில் எழுதாமல், நான்கு கோடுகளாகவே இட்டிருப்பார்கள். நாகரி எண்களைத் தாங்கிய 'ஜனதா' ஒன்று உண்டு. சிலவற்றில் பன்னிரண்டுக்கு உட்புறமாகப் பதின்மூன்று முதல் இருபத்து நான்கு வரை சிறிய எண்கள் வட்டமிட்டிருக்கும். முள்ளே இல்லாத கடிகாரமும் அவரிடம் உண்டு. சிறு சாளரம் ஒன்றில் மணிக்கொருமுறை எண் துள்ளி மாறும். பெட்டியைத் திறந்து அதனைக் காட்டுங்கால், எண் மாறும் நொடிவரை விருந்தினரை அவர் எழவிடுவதில்லை.

மலேயா நாட்டு வேலைக்குச் சென்று மீண்ட ஒருவரின் குடும்பத்தார் கொடுத்த சுவிட்சர்லாந்துக் கடிகாரமும் அப்பெட்டியில் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜுலா' என்னும் கப்பல் சென்று வந்த நாளில் அது இக்கரை சேர்ந்தது. இருளில் ஒளிரும் பொருட்டு அதன் எண்களுக்கு ரேடியம் கலந்த பூச்சு இடப்பட்டிருந்தது. இன்று ஒளி இல்லை. ஆயினும் ரேடியம் அழியவில்லை. அதன் ஆற்றல் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் ஆகும். தூரிகை முனையை உதட்டால் கூர்மையாக்கி இப்பூச்சினைத் தீட்டிய அமெரிக்கப் பெண்கள் பலர் 1920-களில் கொடிய நோயுற்று மாண்டனர். ஆசிரியர் அதன் கண்ணாடியை எவரையும் திறக்க விடுவதில்லை. குழந்தைகளின் கையில் கொடுப்பதும் இல்லை.

தமிழ் எண்கள் பொறித்த பழங்கடிகாரம் ஒன்று கிடைக்குமா என்பதே அவருடைய நெடுநாள் ஏக்கம். ஒருநாள் திருவாரூரில் வணிகர் ஒருவரிடம் அது கிடைத்தது. 1,800 ரூபாய் கொடுத்தார். அன்றிரவு அவர் உறங்கவில்லை என்று அவர் மனைவி இன்றும் நகைப்பதுண்டு. விடிந்தபின் உருப்பெருக்கியால் நோக்கினார். பத்தினைக் குறிக்கும் பழைய குறியான ௰ அங்கே இல்லை. 'க' என்னும் எழுத்தும் சுழியும் இருந்தன. ஐயம் பிறந்தது. பழுதுபார்ப்பவர் முகப்பைக் கழற்றிப் பார்த்தபோது, புதுப்பூச்சின் விளிம்புக்குக் கீழே வேறு நிறமும் தேய்ந்த ஆங்கில எழுத்துகளும் தெரிந்தன. பழைய உடலுக்கு அண்மையில் எழுதிய முகம் அது!

வணிகர் வருந்தினார். "அதே விலைக்கு வேறொருவருக்கு விற்றுத் தருகிறேன், ஐயா. கேட்பவர் இருக்கிறார்கள்" என்றார். ஆசிரியருடைய ஓய்வூதியத்துக்கு 1,800 ரூபாய் சிறு தொகை அன்று. எனினும் அவர் இசையவில்லை. பின்புறத்தில் 'முகப்பு புதிது' என்று எழுதி ஒட்டிப் பெட்டியிலேயே வைத்துவிட்டார்.

எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட 2016-ஆம் ஆண்டில் மைய அரசு முடிவு செய்தது. அதன்பின் அக்கடிகாரங்களைத் தேடுவோர் பெருகினர், விலையும் ஏறியது. அக்காலத்தில்தான் பழம்பொருட் கடை ஒன்றில் அந்நிறுவனத்தின் பிரெய்ல் கடிகாரம் அவருக்குக் கிடைத்தது. கண்பார்வை இல்லாதவர்க்கென்று செய்யப்பட்டது அது. கண்ணாடி மூடியை விரலால் திறக்கலாம். எண்களுக்கு ஈடாகப் புடைத்த புள்ளிகள். அழுத்தித் தொட்டாலும் வளையாத முட்கள். ஆசிரியர் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தார். மூன்று முறை தவறினார்.

கோயிலுக்கு அருகே பூத்தொடுக்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். பிறவியிலேயே பார்வை அற்றவர். சிறுவயதில் விடுதிப் பள்ளியில் பிரெய்ல் பயின்றவர். "மணி என்ன, ஐயா?" என்று வருவோரையும் போவோரையும் அவர் கேட்பார். அக்குரலை ஆசிரியர் நாள்தோறும் கேட்டே பள்ளிக்குச் சென்றவர். ஆயினும் கடிகாரம் எட்டுத் திங்கள் பெட்டியிலேயே கிடந்தது. கொடுக்க மனம் வரவில்லை. அத்தகையது இன்னொன்று கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதனை மட்டும் அவர் விரைந்து கடந்துவிடுவார். அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அவரை மிகவும் உறுத்தியது.

ஒரு மார்கழி விடியலில் அதனைக் கொண்டுபோய்க் கொடுத்தார். முதியவர் மூடியைத் திறந்து ஒருமுறை தொட்டார்.

"ஆறு அடிக்கப் பத்து நிமிடம். இது சிறிது பிந்தி ஓடுகிறதே, வாத்தியார் ஐயா! திருவனந்தல் மணி அப்போதே அடித்துவிட்டதே" என்றார்.

அதனைச் சரிசெய்து தருவதற்காக ஆசிரியர் வாரம் ஒருமுறை அங்கே செல்கின்றார். பெட்டியில் அக்கடிகாரம் இருந்த இடத்தில் வேறொன்றை அவர் வைக்கவில்லை. இப்போது கோயிலுக்கு வருவோர் சிலர் முதியவரிடம் மணி கேட்கிறார்கள். அவர் பூநாரினைக் கீழே வைத்து, ஈரக்கையை வேட்டியில் துடைத்து, மூடியைத் திறந்து தொட்டுப் பார்த்து விடை சொல்கிறார்.