செம்பும் அலுமினியமும்

கடற்காற்று ஓயாமல் வீசும் மஞ்சக்குப்பத்தில், செம்புப் பட்டையையும் அலுமினியப் பட்டையையும் போல்ட்டுப் போட்டு முடுக்கிய மின்னிணைப்பு எத்தனை காலம் நிலைக்கும் என்பதை வெல்டிங் பட்டறைக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். உப்பின் ஈரம் இடுக்கில் புகுந்ததும் அலுமினியம் அரித்து, இணைப்பு சூடேறி, ஒருநாள் கருகிவிடுகிறது. அப்படிக் கருகிய ஒன்றை என் கையில் கொடுத்தார், நாற்பது வருஷமாக இரும்பைப் பற்றவைத்து வரும் முதியவர் ஒருவர்.

“இதைப் பத்தவெக்க முடியாதா?” என்றேன்.

“இரும்போட இரும்பு சேரும் ஐயா. இது ரெண்டையும் நெருப்புல சேர்த்தா ஒட்டின மாதிரி இருக்கும். தட்டினா ஓடு மாதிரி உடைஞ்சிபோவும்.”

அந்த வார்த்தையின் காரணத்தை அறியும் ஆவலோடு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஸ்தாபித்த சர்வகலாசாலையில், உலோகங்களை இணைப்பதையே தனி வித்தையாக ஆராயும் மையம் ஒன்று உற்பத்திப் பொறியியல் துறையில் இருக்கிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். செம்போ 1,085 டிகிரி வரை பொறுத்திருக்கும். இரண்டும் உருகிக் கலந்தால் இடையில் பிறக்கும் கூட்டுப்பொருள் கண்ணாடியைப்போல் நொறுங்கும் சுபாவமுடையது என்று அங்கே விளக்கினார்கள். முதியவர் சுத்தியலால் கண்டறிந்த உண்மையும் இதுவே.

ஆகவே உருக்காமலே இணைக்கிறார்கள். 1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜை அடுத்த வெல்டிங் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த இந்த முறைக்கு உராய்வுக் கலக்கல் பற்றவைப்பு என்று பெயர். தீப்பொறியையும் கண் கூசும் ஒளியையும் எதிர்பார்த்துச் சென்ற எனக்கு, அடிப்பலகைமேல் அசையாதபடி இறுக்கிய இரு தகடுகளின் சந்திப்பில், கெட்டியான எஃகினால் ஆன சிறு முளை சுழன்றுகொண்டே மெல்ல இறங்கி, அதன் தோள்பகுதி தகட்டைப் பலமாய் அழுத்த, அந்த உராய்வின் உஷ்ணத்தாலேயே உலோகம் பிசைந்த மாவைப்போல் இளகி முளையின் பின்புறம் சென்று படிந்த காட்சி பெரும் ஆச்சரியத்தை அளித்தது. சுழற்சியும் முன்னேற்றமும் ஒரே திசையில் சேரும் பக்கத்தில் கடினமான செம்பை வைத்து, முளையை மிருதுவான அலுமினியத்தின் பக்கம் சற்றே ஒதுக்கி ஓட்டினார்கள். அப்போதுதான் நொறுங்கும் அந்தப் பொருள் மிகமிக மெல்லிய படலமாக அடங்கி நிற்குமாம்.

யந்திரத்தை நடத்தியவர் எண்களைப் பார்த்ததைவிட ஒலியைக் கேட்டதே அதிகம். “சூடு மிஞ்சினா ஓரத்துல பிசிறு தள்ளும், சூடு பத்தலைன்னா உள்ளே சுரங்கம் மாதிரி ஓட்டை விழும். மேல பார்த்தா தெரியாது சார், சத்தத்துல தெரியும்” என்றார். இம்முறையால் எஃகையும் அலுமினியத்தையும் சேர்த்து ஹோண்டா கம்பெனி 2013-ஆம் வருஷத்து அக்கார்டு காருக்குத் தாங்குசட்டம் செய்தது. அத்தகைய பெருங்காரியத்துக்கும் அடிப்படை இப்படிப்பட்ட செவிகளின் கவனமே என்று அந்தக் கணத்தில் உணர்ந்தேன்.

சோதனை முடிந்து ஒதுக்கிய துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு மஞ்சக்குப்பம் திரும்பினேன். முதியவர் அதை வெயிலில் பிடித்து, முளை போன வழியில் பதிந்திருந்த அரைவட்ட வரிகளைக் கட்டைவிரலால் நெடுநேரம் தடவினார். பிறகு வைஸில் பிடித்து மெல்லத் தட்டினார். இணைப்பு விடவில்லை.

“கடைசியில முளையை எடுத்த குழி நிக்குதே, அதை என்ன பண்றாங்க?”

அந்தக் கேள்வியைச் சிதம்பரத்தில் கேட்க எனக்குத் தோன்றவில்லை. யந்திரக்காரர் தாமாகவே சொல்லியிருந்ததைச் சொன்னேன்: தகட்டை நீளமாய் வைத்து, குழி விழும் முனையை வெட்டி எறிந்துவிடுவார்கள்.

“அப்போ அளவெடுக்கும்போதே அதுக்கு விடணும்” என்றார் அவர், ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டவரைப் போல. அந்தக் கனத்த யந்திரம் எந்தச் சிறு பட்டறைக்கும் எளிதில் வாராது. ஆயினும், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கும் அதன் முன்னால் இவர் ஒரு நாளாவது நின்று அந்த ஒலியைக் கேட்க வேண்டும் என்பதே என் மனப்பூர்வமான விருப்பம்.