மறைக்காட்டு உப்பு

காங்கேசன்துறையிற் கப்பலேறி நாகபட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து தெற்கே பஸ் வண்டியிற் சென்றால் வேதாரணியத்தை அடையலாம். அப்பர் பதிகம் பாடித் திருக்கதவந் திறக்கவும், சம்பந்தர் பாடி அதனை அடைக்கவும் செய்த திருமறைக்காடு இதுவே. சென்ற பங்குனியில் யானும் என் மகளும் சுவாமி தரிசனம் முடித்து, அருகிலுள்ள அகத்தியம்பள்ளி உப்பளங்களைக் காணச் சென்றோம்.

அங்கே உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூண் ஒன்று நிற்கின்றது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி, ராஜாஜியின் தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டனர். 30ஆம் திகதி வேதாரணியத்தில் தடையை மீறி உப்பள்ளினர். அக்காலத்தில் ஏழையின் கஞ்சியிற் கரையும் உப்புக்கும் அரசாங்கத்தின் வரி உண்டு.

“தலைவர்கள் சிறை செல்லத் துணிந்தது விளங்குகிறது, அப்பா. வழியிலிருந்த ஊரவர் ஏன் துணிந்தார்கள்?” என்று மகள் வினவினாள்.

தக்க வினாவே. அந்நாளில் தஞ்சாவூர்க் கலெக்டராயிருந்த தோர்ன் துரை, தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று அறிவித்தார். பசித்து வந்தவருக்குச் சோறிடுதல் அந்நாட்டு இல்லறத்தாருக்கு அரசியலன்று, தருமம். வரியைப் பொறுத்துக்கொண்டவர்களாலும், அத்தருமமே குற்றமாக்கப்பட்டதைப் பொறுக்க இயலவில்லை. சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளிற் கட்டித் தொங்கவிட்டனர். இட்டவர் யாரென்று பொலிசாரால் அறிய முடியவில்லை. ஆயினும், ஒரு கிளையில் தொங்கிய பொட்டலத்தைக் கண்ட அடுத்த வீட்டார், தாம் தனியரல்லர் என்பதை அறிந்துகொண்டிருப்பர். அச்சம் நீங்குவதற்கு அவ்வறிவே பாதி மருந்து.

இவ்வூரிலே வைரப்பன் என்னும் முடிதிருத்துந் தொழிலாளர், காவலர் ஒருவருக்குச் சவரஞ் செய்ய மறுத்துச் சிறை சென்றார். அவர் கையிலிருந்தது சவரக்கத்தி; மற்றையோர் கையிலிருந்தது சோறு. எளிய மக்கள் பெருங்கொள்கைகளை ஆராய்ந்து முடித்த பின்னரே எழுகின்றார்கள் என்று எண்ணுதல் தவறு. தம் அன்றாடக் கடமையினுள் அதிகாரம் கைவைக்கும்போது, கையிலுள்ளதைக் கொண்டே எழுகின்றார்கள்.

மகள் ஓர் உப்புக்கல்லை எடுத்து நாவிலிட்டாள். பாட்டுக்குத் திறந்த கதவைப் பற்றி இருபது ஆண்டுகளாக மாணாக்கருக்குப் படிப்பித்து வருகின்றேன். சோறு தொங்கிய அம்மரங்களைப் பற்றி ஒருநாளேனும் சொன்னதில்லை. இனிச் சொல்வேன்.